அத்தி வரதரும் ரஞ்சிக் கோப்பையும்

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்த சரஸ் என்னும் திருக்குளத்துக்கு அடியில் அத்தி மரத்தாலான பெருமாள் பள்ளி கொண்டிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் மேலே எழுந்தருளுவார். நாற்பத்தெட்டு நாள் தரிசனம் தருவார். அப்புறம் மறுபடியும் ஜலத்துக்குள் போய்விடுவார். 1939-ல் வந்தார்; 1979-ல் வந்தார்; 2019-ல் வந்தார். இனிமேல் 2059-ல்தான். "உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று பக்தர்களைக் கேட்காமல் கேட்கும் ஸ்வாமி அவர்.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த தைரியத்தினால்தான் நான் பல வருஷ காலமாக ஒரு காரியத்தை விடாப்பிடியாகச் செய்து வருகிறேன். அதாவது, ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டில் தமிழ்நாட்டுக் கட்சியின் அபிமானியாக இருந்து வருகிறேன்.

"இது ஒரு காரியமா? இதற்குத் தைரியம் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் பம்பாய்க்காரர்களாக இருப்பார்கள். 2024-ம் வருஷத்தோடு அவர்களுக்கு நாற்பத்திரண்டு கோப்பைகள் சேர்ந்துவிட்டன. வைப்பதற்கு இடம் இல்லாமல் அவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். நமக்கு அந்தக் கவலை கிடையாது. தொண்ணூறு வருஷத்தில் நமக்கு வந்தவை இரண்டே இரண்டு. கடைசிப் பந்தயம் வரையில் போய்க் கோப்பையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவை பத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரஞ்சிப் பந்தயத்தின் முதல் ஆட்டத்தில் ஜயித்தவர்களே நாம்தான். 1934-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக் கட்சியும் மைசூர்க் கட்சியும் மோதின. மைசூர் 48 ஓட்டம் எடுத்தது. சென்னை 130 எடுத்தது. மறுபடியும் மைசூர் 59-க்குச் சுருண்டது. சூரியன் அஸ்தமிப்பதற்குள் ஆட்டம் தீர்ந்து, இன்னிங்ஸும் 23 ஓட்டமும் மிச்சமாக நமக்கு ஜயம். ஏ. ஜி. ராம்சிங் என்பவர் அன்று ஒரே நாளில் 35 ஓட்டம் மட்டும் கொடுத்துப் பதினோரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இப்படி ஒரே நாளில் முடிந்த ரஞ்சி ஆட்டம் வேறு கிடையாது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது பழமொழி. நம்முடைய விஷயத்தில் முதல் நேராக இருந்து, அப்புறந்தான் கோணல் ஆரம்பித்தது. முதல் கோப்பைக்கு இருபது வருஷம் காத்திருந்தோம். 1954-55-ல் பாலு அழகணன் தலைமையில் நம்மவர்கள் இந்தூருக்குப் போய், ஹோல்கார்க் கட்சியை அதன் சொந்த மண்ணிலேயே 46 ஓட்டத்தில் ஜயித்து வந்தார்கள். அடுத்த கோப்பைக்கு முப்பத்து மூன்று வருஷம். 1987-88-ல் வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்திலேயே ரயில்வேக் கட்சியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அதோடு சரி. கோப்பை குளத்துக்கு அடியில் போய்விட்டது.

* * *

எனக்கு இந்த விஷயத்தில் குருநாதர் ஒருவர் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் பெரியவர். சாயங்காலம் வெளிச்சம் குறைந்து தறியை விட்டு எழுந்ததும் அவருடைய வீட்டுத் திண்ணையில் நாங்கள் இருவரும் உட்காருவோம். இரண்டு பேர் உள்ள சபைதான் என்றாலும், எங்களுக்குள் கட்சிப் பிளவு கிடையாது.

பெரியவர் இந்த வலையில் வீழ்ந்த கதையைக் கேளுங்கள். 1973-ம் வருஷம். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. சேப்பாக்கத்தில் கடைசிப் பந்தயம், எதிரே பம்பாய். நம்மிடம் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தார்கள். பந்து சுழல்கிற ஆடுகளம். முதல் நாள் பம்பாய் 151-க்கு அடங்கிவிட்டது என்ற செய்தி காஞ்சிக்கு வந்ததும், பெரியவருடைய தகப்பனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாம் நாள் வேலையை எப்படியோ முடித்துவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் கட்டுச்சாத மூட்டையும் பிள்ளையுமாக முதல் பஸ்ஸில் ஏறினார். இடையில் நடந்த சமாசாரம் அவருக்குத் தெரியாது. நாம் 80-க்குச் சுருண்டோம். பம்பாய் மறுபடி 113 எடுத்தது. நாம் மறுபடியும் சுருண்டுகொண்டிருந்தோம். சிவால்கர் என்கிற பம்பாய்க்காரர் முதல் தடவை 16 ஓட்டத்துக்கு எட்டு விக்கெட்டுகளையும் இரண்டாம் தடவை 18 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட்டுகளையும் எடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் முதல் பந்திலேயே கடைசி விக்கெட்டும் விழுந்தது. தகப்பனாரும் பிள்ளையும் மைதானத்து வாசலை அடைந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன, சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்களா?" என்று தகப்பனார் கேட்டாராம்.

"ஆமாம், அடுத்த வருஷம் வரைக்கும் சாப்பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் பதில் சொன்னாராம்.

இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து புளியஞ்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். "தம்பி, வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கே இந்த ஆட்டத்துக்குத் தலை முழுகியிருப்பான். எனக்கு என்னவோ, போனதைப் பார்க்காமல் திரும்புவதா என்று ஒரு ரோஷம் வந்துவிட்டது" என்பார் பெரியவர். ரோஷம் என்பது பட்டு நூல் மாதிரி. மெலிசாகத்தான் இருக்கும், ஆனால் லேசில் அறாது.

* * *

தோற்கும் கட்சியை ஆதரிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது சமாதானம் சொல்லும் திறமை. இதில் நான் நாளடைவில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறேன்.

முதல் சமாதானம்: "நம்முடைய சிறந்த ஆட்டக்காரர்களை எல்லாம் இந்தியக் கட்சிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்." வாஸ்தவந்தான். வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், தினேஷ் கார்த்திக், அசுவின், வாஷிங்டன் சுந்தர் என்று தேசத்துக்குத் தத்தம் செய்தவர்களின் ஜாபிதா நீளமானது. ஆனால் பம்பாய்க்காரர்கள் கவாஸ்கரையும் டெண்டுல்கரையும் தத்தம் செய்துவிட்டும் கோப்பையை வாங்கினார்களே என்று யாராவது கேட்டால், நான் உடனே இரண்டாம் சமாதானத்துக்குப் போய்விடுவேன்.

இரண்டாம் சமாதானம்: "காசு விழுந்தது சரியில்லை." இதை மறுக்க முடியாது. காசு சரியாக விழுந்த நாட்களில் மூன்றாம் சமாதானம் இருக்கிறது: "ஆடுகளம் சரியில்லை."

நாலாவது சமாதானமும் ஒன்று உண்டு. அது சட்டத்தைப் பற்றியது. ரஞ்சியின் கடைசிப் பந்தயம் ஐந்து நாளிலும் முடியாமல் போனால், முதல் இன்னிங்ஸில் அதிக ஓட்டம் எடுத்த கட்சிக்குக் கோப்பை. 1995-96-ல் கர்நாடகம் நம் ஊரிலேயே 620 ஓட்டம் எடுத்து இப்படித்தான் கோப்பையைக் கொண்டுபோயிற்று. 2012 ஜனவரியில் ராஜஸ்தான் செய்ததும் இதேதான். அந்த ஆட்டத்துக்கு நானும் பெரியவரும் சேப்பாக்கம் போயிருந்தோம். வினீத் சக்சேனா என்கிற ராஜஸ்தான்காரர் மட்டையுடன் உள்ளே வந்தார். வந்தவர் போகவில்லை. பதினைந்து மணி நேரம் ஆடி 257 ஓட்டம் எடுத்தார். மறுநாள் காலையில் நாங்கள் போனபோதும் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். "ராத்திரி இங்கேயே தங்கிவிட்டாரோ?" என்று பெரியவர் சந்தேகப்பட்டார். ராஜஸ்தான் 621, நாம் 295.

ஆனால் பெரியவருக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. "தம்பி, இவன் தறியில் உட்கார்ந்திருந்தால் நல்ல நெசவாளியாக வந்திருப்பான். ஒரு இழை பிசகவில்லை பார்த்தாயா?" என்று ரஸித்துக்கொண்டிருந்தார். எதிராளியின் வேலைத்திறனை ரஸிக்கத் தெரிந்தவனுக்குத் தோல்வி பாதிதான் வலிக்கும். மீதிப் பாதி பஸ்ஸில் திரும்பும்போது வலித்தது.

2015-ல் நடந்ததற்கு மட்டும் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. பம்பாயில் கடைசிப் பந்தயம். கர்நாடகத்துக்கு எதிராக நாம் முதலில் எடுத்தது 134. அவர்கள் எடுத்தது 762. அதில் கருண் நாயர் என்ற ஒருவர் மட்டும் 328. இன்னிங்ஸும் 217 ஓட்டமும் வித்தியாசம். அன்று பெரியவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பட்டு விலை, சரிகை விலை முதலிய சந்தோஷமான விஷயங்களைப் பற்றிப் பேசினோம். அவையும் ஏறித்தான் இருந்தன.

இதற்கிடையில் குஜராத் முதல் தடவையாகக் கோப்பையை வாங்கியது. விதர்ப்பம் வாங்கியது, மறு வருஷமும் வாங்கியது. சௌராஷ்டிரம் வாங்கியது. மத்தியப் பிரதேசம் வாங்கியது. பந்தியில் நமக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பாயசம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். நாம் இலையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டு, தெளித்துக்கொண்டே இருக்கிறோம்.

* * *

நிற்க. நம்மவர்களுக்கு ஆடத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோப்பை வந்த அடுத்த பருவத்திலேயே, 1988-89-ல், கோவாவுக்கு எதிராக ஆறு விக்கெட் இழப்பில் 912 ஓட்டம் குவித்தார்கள். டபிள்யூ. வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முந்நூறுகள்! அந்த வருஷக் கோப்பை தில்லிக்குப் போயிற்று என்பது வேறு விஷயம்.

இந்த அர்ஜன் கிருபால் சிங் யார் என்று தெரியுமோ? 1934-ல் மைசூரை ஒரே நாளில் சுருட்டிய ராம்சிங்கின் பேரன். 1955-ல் முதல் கோப்பையைக் கொண்டுவந்த கட்சியில் ஆடிய கிருபால் சிங்கின் மகன். பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய குடும்பம். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை நமக்காக ஆடியிருக்கிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியவர் சிறிது நேரம் மௌனமாகிவிடுவார். காரணம் எனக்குத் தெரியும். அவருடைய தறிக்குழி அவருடைய தாத்தா வெட்டியது. தகப்பனார் அதில் உட்கார்ந்தார். பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகன் ஒரகடம் பக்கத்தில் மோட்டார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். மாதம் பிறந்தால் சம்பளம். குற்றம் சொல்ல முடியாது. பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தறிச் சத்தம் படிப்புக்கு இடைஞ்சல் என்று அவன் சொல்வதாகக் கேள்வி.

பேரனுக்கும் கிரிக்கெட் என்றால் பிராணன்தான். ஆனால் அவனுடைய கட்சி சென்னை சூப்பர் கிங்ஸ். மூன்று மணி நேரத்தில் முடிகிற ஆட்டம், மஞ்சள் சட்டை, மேளதாளம். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள் வாங்கிய கட்சி. நாலு நாள், ஐந்து நாள் நடக்கிற எங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "தாத்தா, அதைப் பார்க்க மைதானத்தில் யார் இருக்கிறார்கள்?" என்பான். கேள்வி நியாயமானதுதான். சில நாட்களில் ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் குறைவாக இருப்பதை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் சண்டைக்குப் போக மாட்டார். "விசைத்தறிப் புடவையும் புடவைதான் அப்பா. கட்டிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். கோர்வைப் புடவைக்கு ஒரு கை உடலுக்கு, ஒரு கை கரைக்கு என்று இரண்டு பேர் உட்கார வேண்டும். பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். கரையும் உடலும் கோர்த்துப் பிடித்துவிட்டால், புடவை கிழிந்தாலும் அந்த இடம் பிரியாது. ஆள் குறைந்து போயிற்று என்பதற்காக அது தப்பான நெசவு ஆகிவிடுமா?" என்பார். பேரன் பதில் சொல்லாமல் கைப்பேசியில் ஸ்கோர் பார்ப்பான்.

* * *

இனிமேல் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1988-ல் கோப்பை வந்தபோது பெரியவர் எங்கே இருந்தார்?

தறிக்குழியில் இருந்தார். கல்யாண முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் ஏறியிருந்தது. நாள் குறித்தாகிவிட்டது. எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் சேப்பாக்கத்தில் நம்மவர்கள் ரயில்வேக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மயில் சக்கரம் போட்டுக்கொண்டிருந்தார். தோல்வியைப் பார்க்கப் போய்ப் பார்க்க முடியாமல் வந்த பிள்ளை, ஜயத்தைப் பார்க்கவே போக முடியாமல் போயிற்று.

அன்று முதல் அவர் ஒரு விரதம் வைத்திருக்கிறார். ரஞ்சியின் கடைசிப் பந்தயங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனி வாக்கில் வரும். தமிழ்நாடு போட்டியில் இருக்கும் வரையில் அந்த மாதங்களுக்கு அவர் முகூர்த்தப் புடவை ஒப்புக்கொள்ள மாட்டார். கடைக்காரர் கொடுக்கிற நல்ல உருப்படியை வேண்டாம் என்று சொல்லி, சின்ன வேலையாக வாங்கிக்கொள்வார். நெசவாளி வீட்டில் ஒரு மாதக் கூலி குறைவது என்ன என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய சம்சாரம் ஒரு தடவை என் முன்னிலையிலேயே கேட்டார்: "கோப்பை வந்தால்தான் என்ன? அதில் ஊற்றிக் கஞ்சி குடிக்கலாமா?" இந்தக் கேள்விக்கு என்னுடைய நாலு சமாதானங்களில் ஒன்றும் பொருந்தவில்லை.

2024 மார்ச்சில் நம்மவர்கள் அரை இறுதிக்குப் போனார்கள். பெரியவர் கண்ணில் ஒளி வந்தது. பம்பாய்க்காரர்கள் இன்னிங்ஸும் 70 ஓட்டமும் வித்தியாசத்தில் அனுப்பிவைத்தார்கள். 2025 பிப்ரவரியில் நாக்பூரில் கால் இறுதி. விதர்ப்பத்திடம் 198 ஓட்டத்தில் தோல்வி. மறுநாள் காலையில் பெரியவர் காந்தி ரோட்டுக் கடைக்குப் போய், "ஏதாவது பெரிய உருப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். கடைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நேற்றே உங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்" என்றாராம்.

அந்த வருஷமே கோடையில் ஓர் அதிசயம் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று போய், பத்துக் கட்சிகளில் பத்தாவதாக வந்து நின்றது. பேரன் சாப்பிடவில்லை, யாருடனும் பேசவில்லை, மஞ்சள் சட்டையைச் சுருட்டி ஓட்டுக் கூரையின் எரவாணத்தில் செருகிவிட்டான். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் தானாகவே வந்து, திண்ணையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

"தாத்தா, நீங்கள் எல்லாம் எப்படித்தான் தாங்குகிறீர்கள்?" என்று பேரன் கேட்டான்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷ அநுபவத்தில் முதல் தடவையாக எங்களிடம் ஒருவன் வித்தை கற்றுக்கொள்ள வந்திருக்கிறான்! நான் காசு, ஆடுகளம் முதலிய சாஸ்திரங்களை உபதேசிக்க வாயைத் திறந்தேன். பெரியவர் கையமர்த்திவிட்டார்.

"கணக்குச் சொல்கிறேன், கேள். 1939-ல் வரதர் வந்தார், 1979-ல் வந்தார். நடுவில் கோப்பை எத்தனை தடவை வந்தது?"

"ஒரு தடவை. 1955."

"1979-க்கும் 2019-க்கும் நடுவில்?"

"ஒரு தடவை. 1988."

"அப்புறம் என்ன? வரதர் ஒரு தடவை ஜலத்துக்குள் போய்விட்டு வருவதற்குள் கோப்பை ஒரு தடவை வந்தாக வேண்டும். 2059-க்குள் ஒன்று பாக்கி இருக்கிறது."

பேரன் விரலை மடித்துக் கணக்குப் போட்டான். "2059-ல் உங்களுக்குத் தொண்ணூற்றெட்டு வயசு ஆகுமே, தாத்தா?"

"ஆகட்டுமே. உனக்கு அப்போது என்ன வயசு?"

பையன் சொன்னான்.

"போதும். நான் தறியில் இருந்தால் நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். நான் இல்லாவிட்டாலும் போய்ப் பார். ஆனால் ஒன்று; முதல் பஸ்ஸுக்கே போய்விடு. மூன்றாம் நாள் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதே."

பையன் சிரித்தான். அந்தக் கோடையில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவனுடைய பாட்டி உள்ளே இருந்து சொன்னார். சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து மூன்று தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அது வரையில் அந்தத் திண்ணைக்குச் சாதாரணமாக இரண்டுதான் வரும்.

ஆகவே, நேயர்களே, எங்கள் சபையில் இப்போது அங்கத்தினர்கள் மூன்று பேர். இன்னும் இடம் இருக்கிறது. சந்தா கிடையாது. கோப்பை எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது.